நாலாவது பயணம்

2003 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. பரமக்குடியில் ஒரு லாட்ஜின் மாடி வராந்தாவில் வெளிநாட்டு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு முப்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலியில் சுஐபு. வயது முப்பத்தொன்பது, ஊர் திருப்பாலைக்குடி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்.

முப்பத்தொரு பேரில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

மனைவி காலிதா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துபவர். பதில்கள் எழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டு, கணவரிடம் தாழ்ந்த குரலில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

வருஷத்துக்கு முன்னால் 'இன்'. தேதிக்கு முன்னால் 'ஆன்'. இத்தனை வருஷம் என்றால் 'ஃபார்'. இந்த வருஷத்திலிருந்து அந்த வருஷம் வரை என்றால் 'ஃப்ரம்', 'டு'. ஒரு மாதமாக இதுதான் பாடம். பழைய கதையைச் சொல்லச் சொன்னால் சுஐபுக்கு இந்தச் சின்னச் சொற்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அவர் ஊரில் வெளிநாட்டு வேலையை வருஷத்தில் எண்ணுவதில்லை, பயணத்தில் எண்ணுவார்கள். போய், இரண்டு மூன்று வருஷம் இருந்து, விடுப்பில் திரும்பினால் ஒரு பயணம். அனுபவம் எவ்வளவு என்று போன தேர்வில் கேட்டபோது 'த்ரீ பயணம்' என்று சொல்லிவிட்டு வந்தவர் சுஐபு. வேலை கிடைக்கவில்லை.

இந்தத் தடவையும் விட்டால் அவ்வளவுதான். நாற்பது வயதைத் தாண்டியவர்களை இந்தக் கம்பெனி எடுப்பதில்லை.

பக்கத்து நாற்காலியில் அதே ஊர் சதக்.

"என்ன மச்சான், மதரஸாப் பிள்ளைக்கு ஓதிக் குடுக்கிற மாதிரில்ல இருக்கு," என்றார் சதக். "சரி, அந்த மூணு வருசத்துக்கு என்னத்தச் சொல்லப் போறீக?"

ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள். 1998-இல் மூன்றாவது பயணம் முடிந்து வந்த சுஐபு, 2001-இல் இங்கேயே ஒரு கிடங்கில் வண்டி ஓட்டச் சேரும் வரை எந்த வேலைக்கும் போகவில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லை. வீட்டிலேயே இருந்தார்.

காலிதா தாளைத் திருப்பினார். அந்த மூன்று வருஷத்துக்கும் அவர் ஒரு பதில் எழுதி வைத்திருந்தார். சொந்தமாக மளிகைக் கடை வைத்திருந்தேன்.

"இதை மட்டும் தடுமாறாமச் சொல்லிருங்க," என்றார். "உள்ளதைச் சொன்னா சிரிப்பாக. சோம்பேறின்னு எழுதிருவாக."

சுஐபு தலையாட்டினார்.

பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். அறைக் கதவைத் திறந்து வைத்துத் திரைச்சீலை மட்டும் போட்டிருந்ததால், உள்ளே பேசியது வராந்தா வரை கேட்டது.

கம்பெனி மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார். சுஐபு ஆங்கிலத்தில் சொன்னார். எந்த வருஷம் முதன்முதலாகச் சவூதியில் தம்மாம் போனது, எந்தத் தேதியில் உரிமம் எடுத்தது, மொத்தம் எத்தனை வருஷம் வண்டி ஓட்டியது என்று எல்லாவற்றுக்கும் உரிய சொல் உரிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. வெளியே காலிதாவின் விரல் தாளில் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது.

1998 வந்ததும் விரல் நின்றது. 

இடையில் மூன்று வருஷம் காணவில்லையே என்று மேலாளர் கேட்டார்.

"சார், எங்கள் ஊரில் பயணத்தைத்தான் எண்ணுவோம்," என்றார் சுஐபு. "மூன்று பயணம் நான் போனேன். நாலாவது பயணம் என் மனைவி போனாள். ராமநாதபுரத்துக் கல்லூரிக்கு. காலை ஏழு மணி பஸ்ஸில் போய் இருட்டும் நேரத்தில் திரும்புவாள். மூன்று வருஷம், பி.ஏ. ஆங்கிலம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நான் சமைத்தேன், தலை வாரினேன், பள்ளிக்கூடம் அனுப்பினேன். சும்மா இருக்கவில்லை."

'இன்' வரவேண்டிய இடத்தில் 'ஆன்' வந்திருந்தது. 'ஃபார்' வரவே இல்லை. மேலாளர் திருத்தவில்லை. இந்த ஆங்கிலம் யாரிடம் கற்றது என்று மட்டும் கேட்டார்.

"அவளிடம்தான் சார். வெளியே உட்கார்ந்திருக்கிறாள்."

காலிதா தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். வராந்தாவில் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த எண் சதக்குடையது. அவருக்கும் ஒரு இடைவெளி இருந்தது. 1999-லிருந்து இரண்டு வருஷம், கடைத்தெருவில் கேரம் ஆடிக் கழித்த காலம். அதைப் பற்றி மேலாளர் கேட்டபோது சதக் கொஞ்சமும் தயங்கவில்லை.

"என் மனைவியைப் படிக்க வைத்தேன் சார்."

இதுவும் வராந்தா வரை கேட்டது.

இருவருக்கும் வேலை கிடைத்தது. சதக் சொன்ன பதில் சதக்குக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர் மனைவி ரம்ஜான் பீவி. வாசலிலேயே கணவரை நிறுத்தினார்.

"எந்தக் காலேசுல என்னையப் படிக்க வச்சீக?"

சதக் செருப்பைக் கழற்றுவதில் கவனமாக இருந்தார்.

மறுநாள் ரம்ஜான் பீவி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காலிதாவின் வீட்டுக்குப் போனார்.

2009 ஜூன் 30 அன்று அவர் அஞ்சல் வழியில் பி.ஏ. தேர்ச்சி பெற்றார். இரண்டாம் வகுப்பு.