இரண்டாவது ஜீப்

தாண்டிக்குடி எஸ்டேட் டிரைவர் ஒச்சனின் கடன் நூற்று முப்பத்தேழு ரூபாய். ஜீப் கவிழ்ந்த நட்டத்தை முதலாளி அவன் தலையில் கட்டியிருந்தார்.

"பிரேக் குழாய் தானா வெடிச்சதுங்க. ரெண்டு ஜீப்பும் ஒண்ணா வாங்குனது, அதுலயும் இதே குழாய்தானுங்க."

ஜீப் விற்ற கம்பெனியிலிருந்து வந்த கோட்டுக்காரர் கவிழ்ந்த ஜீப்பைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"குடிச்சிட்டு ஓட்டினா குழாய் என்னய்யா செய்யும்? எங்க சரக்குல குறையே கிடையாது. இன்னொரு ஜீப்பைக் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்."

முதலாளிக்குத் திருப்தி. "ஏலே ஒச்சா, அதுலயே ஐயாவை வத்தலக்குண்டுல விட்டுட்டு வெரசா வா."

கோட்டுக்காரர் முகம் வெளுத்தது. "எதுக்குங்க சிரமம்? பஸ்ல போயிக்கிறேன்."

"இனி நாளைக்குத்தானுங்க பஸ்சு," என்றான் ஒச்சன்.

"அப்ப நடந்துக்கிறேன்."

பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் இறங்கிப் போனவரை, காறித் துப்பாத குறையாகப் பார்த்தார் முதலாளி.

"கடனை விட்டாச்சுடா. அந்த ஜீப்பை ஷெட்டுல போட்டுப் பூட்டு."