வெடிக்காத பிஸ்டல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. வெடிக்காமல் போன ஒரு பிஸ்டலின் கதை சொல்கிறேன். மழைச் சத்தத்தில் நெருங்கினால்தான் காதில் விழும்.

செம்பூரில் துப்பாக்கி பழுது பார்க்கும் ஏஞ்சலோவின் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான் முத்துசெல்வம். தாராவியில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். பிஸ்டல் அப்பா காலத்தது. லைசென்ஸ் இப்போது இவன் பேரில்.

பூஜைக்கு வைப்பதைத் தவிர அதை யாரும் தொடுவதில்லை என்று ஏஞ்சலோவிடம் சொல்லியிருந்தான்.

பொய்.

கடையைப் பங்கு பிரிக்கும் சண்டை வீட்டுக்குள் புகுந்து ஒரு வாரமாகியிருந்தது. நேற்று மத்தியானம், கதவுக்குப் பின்னால் நின்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியின் முதுகைக் குறி வைத்து விசையை அழுத்தியேவிட்டான்.

‘டிக்’ என்றது. அவ்வளவுதான்.

தம்பி திரும்பக்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

அப்போது பிடித்த நடுக்கம் முத்துசெல்வத்தை இன்னும் விடவில்லை. ஏன் வெடிக்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். பெண்டாட்டி அன்னத்தாய்க்கு மட்டும் எதுவும் தெரிந்துவிடக் கூடாது. அவளோ மார்க்கெட்டில் வேலை இருக்கிறதென்று கூடவே கிளம்பி வந்து, வாசல் பெஞ்சில் மழையைப் பார்த்தபடி இருந்தாள்.

ஏஞ்சலோ தோட்டாக்களை எடுத்து ஓரமாக வைத்தான். ஒன்றின் அடியில் மட்டும் கடுகளவு வடு, விசையை அழுத்திய தடம். அதை முத்துசெல்வத்தின் பக்கம் நகர்த்தினான்.

மேல்பாகத்தைக் கழற்றினான். ஸ்பிரிங்கில் பழுதில்லை. விசையிலும் குறையில்லை.

பிறகு, தோட்டாவைக் குத்தும் ஊசி ஓடுகிற துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுச் சுரண்டினான். மஞ்சளாக ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தான்.

சந்தனம்.

முத்துசெல்வம் தன்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டான். போன ஆயுத பூஜைக்கு அன்னத்தாய் வைத்த பொட்டு உள்ளே இறங்கி, சாமியாக உட்கார்ந்து, ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறதே! அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஏஞ்சலோ குரலைத் தாழ்த்தினான். “பூஜைக்கு வச்சதுன்னா இந்நேரம் காஞ்சு உதிர்ந்திருக்கும் அண்ணாச்சி. இது ஈரம். யாரோ குச்சி விட்டுத் திணிச்சிருக்காவ.”

முத்துசெல்வம் மெல்ல வாசல் பக்கம் திரும்பினான்.

அன்னத்தாய் மழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒங்க தம்பி ராத்திரியும் சாப்பிட வருவாவ. போற வழியில மீனு வாங்கிருவோம்.”

சந்தனம் அரைக்கிற கை ஒன்று உங்கள் வீட்டிலும் எப்போதும் இருக்கட்டும் கண்ணுகளா. ஒரே சட்டிச் சோற்றை உட்கார்ந்து உண்டு, எல்லாரும் நல்லாயிருங்கள்.