முழங்கால் உயரத் தைல மரம்

“யாரக் கேட்டு என் மரத்த மண்ணுல நட்ட?”

தேவராஜ் போட்ட சத்தத்தில் புதூர்நாட்டில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

ஆஸ்திரேலியாவில் நூறடிக்கு வளரும் தைல மரம். அதைப் பன்னிரண்டு வருடமாகச் சட்டியிலேயே வெட்டி, கம்பி கட்டி, முழங்கால் உயரத்தில் நிறுத்தி வைத்திருந்தார். திருப்பத்தூரில் ரிட்டயராகி இங்கே குடிவந்தபோது சாமான்கள் லாரியில் வந்தன. மரம் அவர் மடியில் வந்தது.

மகள் வீட்டுக்குப் பத்து நாள் போக வேண்டியிருந்தது. “காலையில ஒரு சொம்பு, சாயந்திரம் ஒரு சொம்பு ஊத்து. வேர மட்டும் தொட்டுடாத. வேர் அறுந்தா தைல மரம் பொழைக்காது” என்று பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளிடம் நூறு தடவை சொல்லிவிட்டுத்தான் ஜீப் ஏறினார்.

திரும்பி வந்தால் சட்டி காலி. மரம் அவள் வீட்டுப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்கிறது.

“ரெண்டு சொம்பு தண்ணி ஊத்த ஒனக்கு ஒடம்பு வணங்கல, அதானே?”

“இல்லீங்க சார், தண்ணி வந்து...”

“பேசாத!”

அடிமரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். மண் உதிர்ந்தது. சடசடவென்று என்னவோ அறுந்தது. கோபத்தில் அது அவர் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து மரத்தைச் சட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

தெருவில் குடத்தோடு போன கலையரசனைக் கூப்பிட்டு, “இன்னாப்பா, தண்ணி வரல?” என்றார்.

“மோட்டார் எரிஞ்சி ஒம்போது நாளாச்சி சார். நீங்க போன மறுநாளே. கீழ ஊத்துலதான் புடிக்கிறோம். வூட்டுக்கு ரெண்டு கொடம்.”

“அப்ப என் மரம்?”

“சட்டியில ஊத்துனா மத்தியானத்துக்குள்ள காஞ்சி போவுதுன்னு, வெள்ளையம்மாக்கா அவங்க மொளகாச் செடியெல்லாம் புடுங்கிட்டு அங்க எடம் பண்ணாங்க. பாத்திரம் கழுவுற தண்ணி போவுமில்ல? ஒரு வேர் அறுவாம மண்ணோட அப்படியே தூக்கி நட்டாங்க. நான்தான் ஒரு கை புடிச்சேன்.”

தேவராஜ் சட்டியைப் பார்த்தார். அறுந்த வேர்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. தன்னைத்தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வாசலில் நிழலாடியது. வெள்ளையம்மாள், இடுப்பில் குடம்.

“திட்டுறத அப்புறம் திட்டுங்க சார். மொதல்ல மரத்துக்கு ஊத்துங்க. எங்க பங்குல கொஞ்சம் மீந்திச்சி.”

குடம் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.