சிட்டு வந்தால்

"லாரிக்காரர் மறுபடியும் ஹாரன் அடிக்கிறாரு. எழுந்திரிம்மா!"

மகள் கெஞ்சலைத் தாண்டி அதட்டலுக்கு வந்திருந்தாள். அம்மா அசையவில்லை. காலியான முன்னறையில், தையல் மெஷினின் மூடியை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டில், பீரோ, பாத்திர மூட்டை எல்லாம் வண்டி ஏறியாகிவிட்டது. பாக்கி இருந்தது அம்மா ஒருத்திதான்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"வீட்டுக்காரர் வித்துட்டாரும்மா. சாயங்காலம் வாங்கினவங்க குடிவர்றாங்க. அவங்க வீட்டுல நீ எப்படி இருப்ப?"

"அப்ப சிட்டு வந்தா? அவ வந்து கதவைத் தட்டினா யாரு திறப்பா?"

அப்பா தலையில் கைவைத்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். எந்த இரண்டு மாடிக்கு நடுவில் யார் சிக்கிக்கொண்டாலும் எப்படியாவது கீழே இறக்கிவிடுவார். மனைவியை ஓர் அடி நகர்த்தத்தான் அவரிடம் வித்தை இல்லை.

"காலையிலேர்ந்து இதே பாட்டு. நீயே பேசு கண்ணு. நான் வாயைத் திறந்தா சண்டையில முடியும்."

சிட்டு அந்த வீட்டுக் குழந்தை. ஐந்து வயதில், கடைத்தெருக் கூட்டத்தில், சில்லறை எடுக்க அம்மா கையை விட்ட நேரத்தில் காணாமல் போனாள். அன்றிலிருந்து வாசல் விளக்கை அணைக்கக் கூடாது. பூட்டை மாற்றக் கூடாது. ஃபோன் நம்பரை மாற்றக் கூடாது. எல்லோருமாக எங்கேயும் கிளம்பக் கூடாது. வெளியூரில் நல்ல வேலை கிடைத்தும் அப்பா போகவில்லை. மகளின் பள்ளி விழாவுக்கு அம்மா ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. சிட்டு வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமாம்.

"புது வீட்டு விலாசத்தை வாங்கினவங்ககிட்ட சொல்லியாச்சு. பக்கத்து வீட்டுலயும் சொல்லியாச்சு. போதாதா?"

"அவங்க நாய் வளர்க்கிறாங்களாமே! சிட்டுவுக்கு நாயைக் கண்டாலே ஆகாது. ஒரு குரை குரைச்சாப் போதும், திரும்பிப் பார்க்காம ஓடிடுவா."

"இப்பல்லாம் அவளுக்கு அந்தப் பயம் இருக்காதும்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அம்மாவின் பக்கத்தில் ஒரு துணிப்பை. அதை மட்டும் வண்டியில் ஏற்ற விடவில்லை. உள்ளே சின்னச் சின்ன கவுன்கள். வருஷா வருஷம் சிட்டுவின் பிறந்த நாளுக்கு அம்மா ஒன்று தைப்பாள். எல்லாமே ஐந்து வயதுக் குழந்தையின் அளவு.

"இதெல்லாம் இனிமே எப்படிம்மா பத்தும்? அவ வளர்ந்திருக்க மாட்டாளா?"

"உள்ள துணி விட்டுத்தான் தைச்சிருக்கேன். வந்ததும் பிரிச்சு விட்டுக்கலாம்."

மகளுக்குச் சிரிப்பதா, சுவரில் போய் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் சரி, பரீட்சையில் முதலாவதாக வந்தாலும் சரி, இந்த வீட்டில் அவளுக்கு இரண்டாவது இடம்தான். வளராத, எதிர்த்துப் பேசாத, ஒரு தப்பும் செய்யாத குழந்தையோடு யாரால் போட்டி போட முடியும்?

"நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே, என்னை என்னிக்காவது சரியாப் பார்த்திருக்கியாம்மா? என்கிட்ட பேசும்போதுகூட உன் கண்ணு வாசல்லதான் இருக்கு!"

குரல் உடைந்துவிட்டது. அம்மா திகைத்துப்போனாள். கையை நீட்டி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எதுக்கும்மா அழற? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

அதுவும் உண்மைதான். சோறு, துணி, படிப்பு எதிலும் குறை வைக்கவில்லை. அதுதான் மகளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுபடி ஹாரன். லாரிக்காரர் பொறுமையிழந்து வாசலுக்கே வந்துவிட்டார். "சார், எனக்கு வேற லோடு இருக்கு."

"அலாக்காத் தூக்கிட்டு வந்து வண்டியில உக்கார வெச்சுடறேன்" என்று அப்பா சட்டைக் கையை மடித்தார்.

மகள் அவரைக் கைநீட்டித் தடுத்தாள். அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இங்க பாரு. சிட்டுவை நான் கூட்டிட்டு வர்றேன். புது வீட்டுக்கே கூட்டிட்டு வர்றேன்."

"நீயா?"

"நான்தான். என்னை விட்டா வேற யாராலயும் முடியாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அப்பா விட்ட பெருமூச்சு தெருவுக்கே கேட்டிருக்கும்.

வாசற்படி தாண்டும்போது அம்மா நின்றாள். மகளின் கன்னத்தைத் தொட்டாள்.

"தங்கமான பொண்ணும்மா நீ. உன்னைப் பெத்தவ குடுத்து வெச்சவ."

சொல்லிவிட்டு லாரியைப் பார்த்து நடந்தாள். லாரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"என்ன சார், பெத்த பொண்ணுகிட்டயே யாரோ மாதிரிப் பேசறாங்க? பக்கத்து வீட்டுல சொன்னாங்களே, அந்தக் காணாமப்போன பாப்பா அப்புறம் கிடைக்கவே இல்லியா?"

அப்பா, வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"கிடைச்சுட்டா தம்பி. போலீஸே தேடிப் பிடிச்சு, டெஸ்ட்டெல்லாம் எடுத்து, நம்ம பொண்ணுதான்னு கொண்டுவந்து விட்டுட்டாங்க. அதோ நிக்கிறாளே, அவதான் சிட்டு. வந்து நாலு வருஷமாகுது. பெத்தவளுக்கு மட்டும் இன்னும் வந்து சேரல."