பேரன் வெளியே தூங்குகிறான்

புதுவயல் அரிசி ஆலையின் அலுவலக அறை முழுக்க நெல் வேகும் வாசனை, மதிய வெக்கை. மேசைமேல் சாய்த்து வைத்த ஃபோனுக்குள் பின்லாந்து தெரிகிறது. வெள்ளை வெளேரென்ற முற்றத்தில் தள்ளுவண்டி. அதற்குள் கம்பளிப் பொதியாகப் பேரன், மூக்கு நுனி மட்டும் சிவப்பாக. வண்டிக் கூரையில் பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கிறது. "புள்ளைய உள்ள தூக்கிட்டுப் போ தாயி," என்று கெஞ்சுகிறார் பாண்டித்துரை. "உள்ள போட்டா அழுவான்ப்பா. இங்க எல்லாப் புள்ளைகளும் பனியிலதான் தூங்குதுக," என்று மகளின் குரல் மட்டும் சிரிக்கிறது. பேரன் தூக்கத்தில் உதட்டைச் சப்புகிறான். வேர்வையில் பாண்டித்துரையின் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. மெல்ல எழுந்து, ஃபோனைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும் டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறார்.