தூங்க வைத்த கணினி

“ஹாஜ், இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். இந்த அச்சகத்துல நான் இருக்கணும், இல்ல அந்தப் பொண்ணு இருக்கணும்!”

எல்லாரும் மரியாதையாக ‘உஸ்தாத்’ என்று கூப்பிடும் ஷவ்கி மேசையில் தட்டிய தட்டில் தேநீர் தம்ளர் துள்ளி உட்கார்ந்தது.

முதலாளி ஹாஜ் மித்வல்லியின் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. அதில் நிக்காஹ் நடக்கும் பள்ளிவாசலின் பெயர் மாறிப்போயிருந்தது. மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் முப்பது பேர் மன்சூரா நகரத்தின் மறுகோடியில் யாருடைய நிக்காஹிலோ போய் உட்கார்ந்து, சர்பத்தும் குடித்து முடித்த பிறகுதான் அங்கிருந்த மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

“இந்த மாசத்துல இது நாலாவது தப்பு, உஸ்தாத். போன வாரம் கசாப்புக் கடைக்காரரை டாக்டர்னு போட்டீங்க. டாக்டரை ஹாஜ்னு போட்டீங்க. அந்த மனுஷன் மக்கா பக்கமே போனதில்லை!”

“நான் போடல! அதோ பாருங்க, நீங்க கொடுத்த ஷீல்டு!”

சுவரில் அது மின்னிக்கொண்டிருந்தது. ‘மூன்று ஆண்டுகள், ஒரு பிழையும் இல்லை.’

“அப்படிப்பட்ட கை ஒரே மாசத்துல கெட்டுடுமா? இவதான் உள்ள புகுந்து மாத்துறா. அது போதாதுன்னு தினமும் திரையில மஞ்சச் சீட்டு ஒட்டி வைக்கிறா. நான் படிக்கறதே இல்ல, கசக்கிப் போட்டுடுவேன்.”

நிஹால் கைப்பையை அணைத்தபடி மூலையில் நின்றாள். தம்பியின் படிப்பு முழுக்க அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

அச்சகத்தில் இருப்பது ஒரே கணினி. இரண்டாவது வாங்க ஹாஜுக்கு மனசு வரவில்லை, அதனால் ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். காலையில் நிஹால் லினக்ஸில் இனிப்புப் பெட்டிகளுக்குப் படம் வரைவாள். இரண்டு மணிக்கு ஷவ்கி வந்து விண்டோஸில் பத்திரிகை அடிப்பார். இன்று அடித்ததை மறுநாள் வந்ததும் நேராக அச்சுக்கு அனுப்புவார். மறுபடி படித்துப் பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகளின் வேலை என்பது அவர் கட்சி.

போன மாதத்திலிருந்து அந்த வேலையும் சுலபமாகிவிட்டது. சாயங்காலம் கணினியை முழுசாக அணைக்காமல் ‘ஹைபர்னேட்’ பொத்தானை அழுத்தித் தூங்க வைத்துவிட்டுப் போனால், மறுநாள் அவர் விட்ட பக்கம் விட்டபடியே வந்து நிற்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்.

“அவ பக்கம் மட்டும் என் கண்ணுக்கே தெரியாது. மறைக்க ஒண்ணும் இல்லாதவ எதுக்கு மறைக்கணும்?” என்றார் ஷவ்கி.

கணினி பழுதுபார்க்கும் ஸாமிஹ் சிரித்தார். சாட்சி சொல்ல அவரை வரவழைத்ததே ஷவ்கிதான். “அவங்க மறைக்கல, உஸ்தாத். விண்டோஸுக்கு லினக்ஸைப் படிக்கத் தெரியாது. ஆனா லினக்ஸ்ல இருந்து உங்க பக்கத்தைத் திறக்கலாம், திருத்தவும் செய்யலாம்.”

“கேட்டீங்களா ஹாஜ்!”

ஸாமிஹ் கோப்புகளைப் பார்த்தார். “மாத்தின நேரம் இங்கயே இருக்கு. காலை ஏழு நாப்பது... ஏழு அம்பது... வரிசையா இருக்கே!”

“அந்த நேரத்துல நான் வீட்டுல ஃபூல் பயறும் ரொட்டியும் சாப்பிட்டுக்கிட்டிருப்பேன்!” ஜெயித்த சந்தோஷத்தில் ஷவ்கிக்குப் பேச்சில் பாட்டே வந்துவிட்டது.

ஹாஜ் நிஹால் பக்கம் திரும்பினார். “தொட்டியாம்மா?”

“தொட்டேன், ஹாஜ்.”

“எதுக்கு?”

அவள் ஷவ்கியைப் பார்த்தாள். அப்புறம் சுவரில் இருந்த ஷீல்டைப் பார்த்தாள்.

“அச்சகச் சாவியை வச்சுட்டுப் போ,” என்றார் ஹாஜ். அதற்குள் வாசலில் மாப்பிள்ளையின் அப்பா கத்த ஆரம்பித்துவிட்டார். ஹாஜ் அவரைச் சமாதானப்படுத்த ஓடினார்.

நிஹால் சாவியை மேசையில் வைத்தாள்.

“ஒரு நிமிஷம் இருங்க.” ஸாமிஹ் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இந்தக் காலை நேரமெல்லாம் மூணு வருஷமா இருக்கு. போன மாசம் மூணாம் தேதியோட நின்னுடுச்சு. அதுக்கப்புறம் அவங்க ஒரு கோப்பைக்கூடத் தொடல.”

“பயந்துட்டாளோ?”

“தொட முடியாது, உஸ்தாத். தூங்க வைக்கிற வித்தையை நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மூணாம் தேதிதான். விண்டோஸ் தூங்கறப்ப லினக்ஸ்ல இருந்து பார்க்கத்தான் முடியும், திருத்த முடியாது. சரி, அந்த நாலு தப்பும் எப்ப வந்துச்சு?”

ஷவ்கி குனிந்து, மாதக்கணக்கில் கொட்டாத குப்பைக்கூடையின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்துப் பிரித்தார். ‘உஸ்தாத், அவங்க எழுதிக் கொடுத்த தாள்ல பள்ளிவாசல் பேர் வேற மாதிரி இருக்கு. தயவுசெஞ்சு ஒருமுறை பார்த்துடுங்க.’

அவருக்குக் காது வரை சுட்டது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

“மூணு வருஷமாவாம்மா? ஏன் சொல்லல?”

“வந்த புதுசுல ஒரு தப்பைச் சொன்னேன், உஸ்தாத். ஒரு வாரம் என்கூட நீங்க பேசல.”

“இப்பவாவது சொல்லியிருக்கலாமே!”

“ஹாஜ் முன்னாடியா? வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் அந்த ஷீல்டைக் காட்டி உங்களைப் பத்தித்தானே அவர் பெருமைப்படறாரு?”

ஷவ்கி நாற்காலி மேல் ஏறி ஷீல்டைக் கழற்றினார். சாவியை அவள் கையில் வைத்தார். வாசலுக்குப் போய், மாப்பிள்ளையின் அப்பா கேட்கும்படியே சொன்னார்.

“ஹாஜ், அந்த நாலு தப்பும் என்னோடது. மூணு வருஷமா வராமப் போன தப்பெல்லாம் இவ புண்ணியம்.”

அன்று சாயங்காலம் கிளம்பும்போது ஷவ்கி கணினியைத் தூங்க வைக்கவில்லை. முழுசாக அணைத்து, மறுநாள் பத்திரிகைகளுக்கான தாள்களை நிஹாலின் கைக்கு எட்டும்படி அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.