நீட்டிய வயர்கள்

தனபாலன் உயிரோடு இருந்தபோது அவனுடைய மோட்டார் சைக்கிளுக்கு உயரமான ஹேண்டல் பூட்டி, ஒன்பது வயர்களையும் ஆறு அங்குலம் நீட்டியவர் குண்டசாலை ஊர் மெக்கானிக் மர்சூக். ஒட்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் முன்பின்னாகப் பற்றவைப்பது அவர் வழக்கம்.

"எனக்கு எட்டல மர்சூக் நானா, ஹேண்டல இறக்கிடுங்க. வேலைக்குப் போகணும்" என்றாள், தனபாலன் இறந்தபின் வண்டியைக் கொண்டுவந்த அவன் மனைவி பரிமளம். மர்சூக் குட்டையான ஹேண்டலைப் பூட்டினார். நீட்டிய துண்டுகளை வெட்டி டின்னில் போட்டார்.

மறுவாரம் வயர்கள் தொங்குகின்றன என்று வந்தாள். பிரித்துப் பார்த்தார். போன வாரம் வெட்டிய இடத்தில் மறுபடி அவருடைய அதே ஒட்டுகள், முன்பின்னாக. மறுபடி வெட்டினார். டின்னில் பதினெட்டுத் துண்டுகள் சேர்ந்தன.

மூன்றாம் வாரம் அவளே சொன்னாள்: "விட்டுடுங்க நானா. அவரோட ஹேண்டலையே போடுங்க."

போட்டார். பரிமளம் பின் சீட்டில் ஒருபக்கமாக ஏறி அமர்ந்து சேலையை ஒதுக்கிக்கொண்டாள். முன் சீட்டில் யாரும் இல்லை; சாவி மர்சூக்கின் கையில் இருந்தது. வலது சிக்னல் மினுங்கத் தொடங்கியது.